திரும்பக் கேட்டதற்காக நான் குறைத்த மதிப்பெண்

"மேம், புரியலன்னா திரும்பக் கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை. மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தான்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டோமோ என்ற குரலில் கேட்டார். "அது வகுப்புல, இது டெஸ்ட்ல" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் "சரிங்க மேம்" என்று படியிறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகு, நான் சொன்ன பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

திருச்சியில் ஒரு சின்ன மையத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் ஏ1, அதாவது தொடக்க நிலை வகுப்புகள்தான். நர்சிங் முடித்துவிட்டு நான்காம் நிலையான பி2 வரை ஏறப் போகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கணவரோடு போய்ச் சேரக் காத்திருக்கும் பெண்கள். ஜெர்மனி 2007 முதல் துணைவர் விசாவுக்கு அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. கணவரின் வேலையைப் பொறுத்துச் சிலருக்கு விலக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு இல்லை. ஊர் ஜெயங்கொண்டம். கணவர் ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். கல்யாணமாகி எட்டு மாதத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது இருபது நாள். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வகுப்புக்கு வருவார், பஸ்ஸிலேயே வார்த்தைகளைப் படிப்பார்.

என் வகுப்பில் முதல் நாளே வெள்ளைப் பலகையின் மேல் மூலையில் மூன்று வாக்கியங்களை எழுதிவிடுவேன். "வீ பிட்டே?" – என்ன சொன்னீர்கள்? "நோஹ் ஐன்மால், பிட்டே" – இன்னொரு தடவை, தயவுசெய்து. "லாங்ஸாமர், பிட்டே" – கொஞ்சம் மெதுவாக. வகுப்பு முடியும்வரை அந்த மூலையை மட்டும் யாரும் அழிக்கக் கூடாது. "வேற எதை மறந்தாலும் இந்த மூணை மறக்காதீங்க, அங்க போய் இறங்கினா இதுதான் உங்களைக் காப்பாத்தும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். மாதிரித் தேர்வில் அந்த மூன்றில் இரண்டை அவர் பயன்படுத்தினார். அதற்குத்தான் நான் மதிப்பெண் குறைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நான்கு நாற்காலி

ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதி எப்படி நடக்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். அதிகபட்சம் நான்கு பேர் கொண்ட குழு, பதினைந்து நிமிடம், இரண்டு தேர்வாளர்கள். முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும், ஒரு எண்ணும் சொல்ல வேண்டும். அடுத்து, ஒரு சொல் எழுதிய அட்டையை எடுத்து, அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக, படம் போட்ட அட்டையை வைத்து ஒரு வேண்டுகோள். மொத்தத் தேர்வும் 100 மதிப்பெண்ணுக்கு. 60 எடுத்தால் தேர்ச்சி. பேச்சுக்கு மட்டும் 25.

எங்கள் மையத்தில் இதை அப்படியே மாதிரித் தேர்வாக வைப்போம், ஆனால் தேர்வாளர் நான் ஒருத்திதான். மதிப்பெண் தாளும் நானே தயாரித்தது: உச்சரிப்பு 5, இலக்கணம் 5, சொல்வளம் 5, சரளம் 5, புரிதல் 5. பல வருடமாக இந்தத் தாளைத்தான் வைத்திருந்தேன். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. பெற்றோரோ மாமியாரோ வந்து கேட்டால் எடுத்துக் காட்டவும் வசதி.

அன்றைக்கு அவரிடம் "வோ வோனென் ஸீ?" என்று கேட்டேன். எங்கே வசிக்கிறீர்கள்? கொஞ்சம் தயங்கினார். "நோஹ் ஐன்மால், பிட்டே" என்றார். திரும்பக் கேட்டேன். "இஷ் வோனெ இன் ஜெயங்கொண்டம்." ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னேன். அவ்வளவுதான், அறை அமைதியாகிவிட்டது. தாளில் "சரளம் 1, புரிதல் 2" என்று போட்டேன். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் பெயர், வயது, நாடு, ஊர், மொழி, படிப்பு, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. கடைசியில் அவனுக்கு 22, அவருக்கு 11. "இந்தத் தடவை எழுத வேண்டாம், இன்னொரு பேட்ச் உட்காருங்க" என்று அவரிடம் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

ராத்திரி கேட்ட ஒலிப்பதிவு

மாதிரித் தேர்வுகளை போனில் பதிவு செய்வது என் வழக்கம். மாணவர்களுக்குத் தவறுகளைப் போட்டுக் காட்டுவதற்காக. என் பங்கு என்ன என்று பார்க்க அதை ஒருநாளும் கேட்டதில்லை. அன்று இரவு கேட்டேன். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, நான் போட்ட மதிப்பெண்ணாவது சரியா என்று பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் அந்த எழுத்துக் கூட்டல். ஜெயங்கொண்டம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், பதினொரு எழுத்து. முதல் எழுத்தே வில்லங்கம். நாம் பள்ளியிலிருந்து 'ஜே' என்று சொல்லி வந்த எழுத்துக்கு ஜெர்மனில் 'யொட்' என்று பெயர். மூன்றாவது எழுத்து 'வை' அங்கே 'உப்சிலோன்'. 'ஏ' என்று நாம் சொல்வது அவர்களுக்கு 'ஆ'. அவர்கள் 'ஏ' என்றால் அது வேறு எழுத்து. பழகிய இருபத்தாறு எழுத்தையும் கலைத்துவிட்டு வேறு பெயர் வைத்த மாதிரி. அந்த ஒலிப்பதிவில் மேசைமேல் ஒரு மெல்லிய தட்டல் கேட்கிறது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அவர் ஆள்காட்டி விரலால் மேசையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்த்துக்கொண்டே சொன்னார். யொட். ஆ. அப்புறம் விரல் நிற்கிறது. 'வை' என்று வாய்வரை வந்ததை விழுங்குகிறார், கேட்கிறது. "உப்சிலோன்." ஆ, என், கா, ஓ, என், டே, ஆ, எம். பதினொன்றும் சரி. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. இதற்குத்தான் சரளம் 1.

ஜெர்மனியில் ஒரு அலுவலகத்தில் போய் நின்றால் முதலில் கேட்கப்போவது இதைத்தான். நம் பெயரையும் ஊரையும் அவர்களால் கேட்டு எழுத முடியாது, எழுத்துக் கூட்டித்தான் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் அவர் எடுத்துக்கொண்ட சில விநாடிகளைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது. எழுத்து தப்பினால்தான் கடிதம் வீடு வந்து சேராது.

அடுத்து அட்டைப் பகுதி. அவருக்கு வந்த அட்டையில் 'ஃப்ரூஷ்டுக்', காலை உணவு. பையனிடம் திரும்பி, "வான் ஃப்ரூஷ்டுக்கென் ஸீ?" என்று கேட்கிறார். எத்தனை மணிக்குக் காலை உணவு சாப்பிடுவீர்கள்? பையன் தயங்காமல், "யா, இஷ் ஃப்ரூஷ்டுக்கெ கெர்ன்" என்கிறான். ஆமாம், காலை உணவு எனக்குப் பிடிக்கும். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. நானும் தாளில் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். ஆனால் கேட்ட கேள்வி எப்போது என்று. பதில் வேறு எதற்கோ. எனக்கு அறையில் அது உறைக்கவே இல்லை. ஒலிப்பதிவில் அதற்கு அடுத்து வருவதைக் கேட்டுத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் விடவில்லை. மெதுவாக, "வான்? உம் வீஃபீல் உவர்?" என்று மாற்றிக் கேட்கிறார். எப்போது, எத்தனை மணிக்கு? பையன், "ஆ, உம் ஆஹ்ட் உவர்" என்கிறான். எட்டு மணிக்கு.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் உண்மையாகவே ஒரு உரையாடல் நடந்தது என்றால் அது இந்த இடம் ஒன்றுதான். எதிராளிக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்து, தனக்குத் தெரிந்த கொஞ்சம் வார்த்தைகளுக்குள்ளேயே வேறு மாதிரி கேட்டு, பதிலை வாங்கியவர் அவர். அந்த வரிக்கு நேரே நான் எழுதியிருந்த குறிப்பு: "திரும்பத் திரும்பக் கேட்கிறார்."

இன்னொன்றும் கேட்டது. என் குரல். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று போனிலேயே நிறுத்துகடிகாரம் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டு விநாடியைத் தொடவில்லை. அதற்குள் "ஹ்ம்?" என்கிறேன், அல்லது அடுத்த கேள்விக்குத் தாவுகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான், அதை மூன்று விநாடி ஆக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று. பி.எட். படித்தபோது நானும் இதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ரோ கண்டது தாய்மொழியில் நடந்த வகுப்புகளில். புது மொழியில், மூன்று மாதம் படித்த ஒருவர், கேள்வியைக் காதில் வாங்கி, தமிழில் புரிந்து, பதிலைத் தமிழில் யோசித்து, அதை ஜெர்மனாக்கி, வினைச்சொல்லை இரண்டாம் இடத்துக்கு நகர்த்தி, வாயைத் திறக்க வேண்டும். இதற்கு நான் கொடுத்தது ஒன்றரை விநாடி.

ஒப்பித்தல்

இப்படி ஒரு தாளைப் பல வருடம் நம்பிக்கையோடு ஏன் வைத்திருந்தேன் என்று யோசித்தால், பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கிறது. திருக்குறளானாலும் வாய்ப்பாடானாலும், எழுந்து நின்று தடையில்லாமல் ஒப்பித்தவர்தான் கெட்டிக்காரர். நடுவில் நின்றால் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் என் காதில் அப்படியே இருக்கிறது. நிற்காமல் வந்தால் தெரிகிறது என்று அர்த்தம், நின்று வந்தால் தெரியவில்லை என்று அர்த்தம். மனப்பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் டெர், டீ, தாஸ் என்று அதன் பாலோடு சேர்த்து மனப்பாடம் செய்யாமல் ஒரு அடி நகர முடியாது. ஆனால் ஒப்பிப்பதை அளக்கிற காதால் பேசுவதை அளந்துவிட்டேன்.

நாம் தமிழில் பேசுவதைக் கவனித்தால்கூடத் தெரியும். "ஆங்?", "என்னது?", "எத்தன மணின்னீங்க?" என்று கேட்காமல் ஒரு பேச்சு நடக்கிறதா? சத்திரம் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பாதி வார்த்தைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கியவையாக இருக்கும். சொந்த மொழியிலேயே அப்படிப் பேசுகிறோம். புது மொழியில் ஒருவர் அதைச் செய்தால் மட்டும் குறை என்று எழுதுகிறோம்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்திலிருந்துதான் இந்த ஏ1, ஏ2, பி1 எல்லாம் வந்தன. அதில் ஏ1 நிலைக்குச் சொல்லியிருப்பது ஏறக்குறைய இப்படி வரும்: எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, உதவவும் தயாராக இருந்தால், எளிய முறையில் உரையாட முடியும். இந்த வரியை எத்தனையோ தடவை மாணவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த இரவில்தான் அதில் பாதி என்னைப் பற்றியது என்று உறைத்தது. உதவத் தயாராக இருக்கும் ஒருவர் எதிரில் இருந்தால்தான் அந்த நிலையே இருக்கிறது. நான் உதவ மறுத்துவிட்டு, அவருக்கு ஏ1 வரவில்லை என்று எழுதியிருந்தேன்.

உண்மையான தேர்வின் மதிப்பீடும் என் தாளைப் போல இல்லை. ஒவ்வொரு பணிக்கும் மூன்றே படி. செய்து முடித்தார், புரிகிறது என்றால் முழு மதிப்பெண். குறைகளால் பாதிதான் நிறைவேறியது என்றால் பாதி. செய்யவில்லை, அல்லது புரியவே இல்லை என்றால் பூஜ்யம். 'உச்சரிப்பு' என்று தனியாக ஒரு கட்டம் கிடையாது. நானோ இரண்டு என்று பொருள்படும் 'ட்ஸ்வை' என்பதை 'ஸ்வை' என்று சொன்னவர்களுக்கெல்லாம் குறைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டுட்கார்ட் பக்கத்து ஷ்வாபியர்களே 'டூ பிஸ்ட்' என்பதை 'டூ பிஷ்' என்றுதான் சொல்கிறார்கள்.

மறுநாள் அவருக்கு போன் செய்தேன். "நான் போட்ட மார்க் தப்பு, நீங்க இந்தத் தடவையே எழுதலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார், என் பேச்சைக் கேட்டு வீட்டில் பேசி, அன்று காலையே பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்களாம். இடங்கள் தீர்ந்துவிட்டன. இரண்டு மாதம் கழித்து வந்த அடுத்த தேர்வில் எழுதித் தேறினார், இப்போது ஸ்டுட்கார்ட்டில்தான் இருக்கிறார். அந்த இரண்டு மாதத்தை நான் மறக்கவில்லை. எட்டு மாதத்தில் இருபது நாள் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதிக்கு இரண்டு மாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

புதுத் தாள், பழைய சண்டை

இப்போது தாள் மாறிவிட்டது. பணி நிறைவேறியதா என்பது மட்டும்தான் கேள்வி. திரும்பக் கேட்டால் குறைப்பதில்லை. திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டு பதில் சொன்னால், முதல் தடவையே சொன்னவருக்கு என்னவோ அதேதான். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். முதல் சில வாரம் அந்த ஐந்து எண்ணுவதற்குள் உயிர் போய் வந்தது. மௌனம் மாணவருக்குக் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். தாங்க முடியாமல் இருந்தது எனக்குத்தான்.

உதவி எதுவரை என்பதுதான் பெரிய சிக்கல். அளவில்லாமல் உதவினால் கடைசியில் பேசியது நான் மட்டுமாக இருக்கும். அதனால் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் அதே வாக்கியத்தை அப்படியே, மெதுவாக. வராவிட்டால் எளிய வார்த்தையில். அதற்கும் வராவிட்டால் "டே ஓடர் காஃபே?", டீயா காபியா, என்பதுபோல இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. மூன்றாவது படிக்கு வந்த பிறகு பதில் சொன்னால் பாதி மதிப்பெண். இதுவும் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் யாருக்கு எவ்வளவு உதவினேன் என்று தாளில் பதிவாகிறது. முன்பு அது என் அன்றைய மனநிலையைப் பொறுத்து இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை தடுமாறினால் உடனே கை கொடுப்பேன். சுமாரான பிள்ளை தடுமாறினால் பேனாவை எடுப்பேன். இதையும் ஒலிப்பதிவுகள்தான் காட்டிக்கொடுத்தன.

"அப்போ இலக்கணத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று என்னோடு வேலை செய்யும் ஆசிரியை கேட்பார். இருக்கிறது. பொருள் தலைகீழாகும் இடத்தில் நான் விடுவதே இல்லை. 'கைன் ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி வேண்டாம். அந்த முதல் எழுத்தை விழுங்கிவிட்டால், சைவம் சாப்பிடுகிறவர் தட்டில் இறைச்சி வந்து நிற்கும். அங்கே குறைக்கத்தான் வேண்டும். 'டெர்' வர வேண்டிய இடத்தில் 'தாஸ்' வந்தால் என்ன ஆகிவிடும்? கடைக்காரர் புரிந்துகொண்டு பொருளை எடுத்துக் கொடுப்பார். அதை பி1 வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஏ1-இல் விட்டால் பி1-இல் பிடிக்கவே முடியாது, நாக்கில் ஊறிவிடும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, பி2 வரை போக வேண்டிய நர்சுகள் விஷயத்தில் அதை நானும் பார்க்கிறேன். ஆனால் அது வகுப்பில் திருத்த வேண்டியது, தேர்வில் தண்டிக்க வேண்டியதில்லை என்று நான் நிற்கிறேன். இப்போது மாதிரித் தேர்வில் இருவரும் உட்கார்ந்து தனித்தனியாகப் போட்டு, முடிந்தபின் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம்.

போன மாதம் ஒரு நர்சிங் மாணவருக்குக் கடைசிப் பகுதியில் ஜன்னல் படம் வந்தது. வேண்டுகோள் வைக்க வேண்டும். 'ஃபென்ஸ்டர்' என்ற சொல் அவருக்கு வரவில்லை. அட்டையைப் பார்க்கிறார், மேலே பார்க்கிறார். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நான்கு, ஐந்து. வெளியே ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. சட்டென்று எங்கள் அறை ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "பிட்டே... தாஸ் தா... ட்ஸூமாஹென்? ஸேர் லவுட்!" என்றார். தயவுசெய்து, அது, மூடுங்கள், ரொம்பச் சத்தம். அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தார், "யா, கெர்ன" என்று எழுந்து போய்க் கொக்கியைத் தட்டி ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் முழு மதிப்பெண் போட்டேன். முக்கியமான சொல்லே வரவில்லை என்று என்னோடு வேலை செய்யும் ஆசிரியை பாதி போட்டார். அரை மணி நேரம் பேசியும் இருவரும் மாறவில்லை. இரண்டு எண்ணையும் தாளில் அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறோம்.